ஹானாவிலிருந்து செஸ்டர்வரை: இறக்குமதி வெள்ளியின் முத்திரைகளைத் தேடி

அக்டோபர் 7, செவ்வாய் – ஹானாவ், ஜெர்மனி

பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து கிழக்கே ரயிலில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஹானாவ் வந்துவிடுகிறது. இறங்கும்போதே தூறல் தொடங்கியிருந்தது. குடையைத் திருப்பிப்போடும் காற்றும் சேர்ந்துகொண்டது. கிரிம் சகோதரர்கள் பிறந்த ஊர் என்பதால் அவர்களுடைய சிலையைப் பார்க்கவே பெரும்பாலானவர்கள் இங்கே வருகிறார்கள். நான் வெள்ளிக்காக வந்தேன். இங்கிலாந்தின் பழம்பொருள் கடைகளில் ‘செஸ்டர் முத்திரை, 1902’ என்றோ ‘லண்டன் முத்திரை, 1896’ என்றோ சீட்டுக் கட்டி விற்கப்படும் கப்பல் வடிவக் கலங்களிலும், சிறகு முளைத்த குழந்தைகள் பொறித்த பேழைகளிலும், பசு வடிவப் பால்குடுவைகளிலும் பல இந்த ஊர்ப் பட்டறைகளில் பிறந்தவை. ஆனால் அவற்றின் அடிப்பகுதியில் தயாரிப்பாளரின் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது, பெரும்பாலும், அவற்றை வரவழைத்த லண்டன் வணிகருடைய பெயரின் முதலெழுத்துகள். செய்த கை எது என்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதற்காகவே, பொருள்கள் அன்று சென்ற திசையிலேயே நானும் செல்லலாம் என்று இந்தப் பயணத்தை வகுத்துக்கொண்டேன்.

பழைய நகரச் சந்தைத் திடலில் பொற்கொல்லர் இல்லம் நிற்கிறது. 1537–38-இல் நகர மன்றமாகக் கட்டப்பட்ட மரச்சட்டக் கட்டடம் இது. 1942 முதல் பொற்கொல்லர் கலைக்கான கண்காட்சிக்கூடமாக இருக்கிறது. 1945 மார்ச் 19 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் நடுப்பகுதியோடு இதுவும் அழிந்து, 1958-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. வாசலுக்கு எதிரே தராசு ஏந்திய நீதிதேவதையின் நீரூற்று இருக்கிறது. எடையையும், உலோகத்தின் தூய்மை அளவாகிய மாற்றையும் நம்பிப் பிழைக்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்த பெரும்பாலான பொருள்கள் இக்காலத்து நகைக்கலைஞர்களுடையவை. பழைய வெள்ளியைப் பற்றிக் கேட்டபோது, அங்கே பார்வையாளராக வந்திருந்த, செதுக்குவேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தானாகவே முன்வந்து பேசினார். முதலில் என் பெயரைக் கேட்டு, அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். 1597-இல் இங்கே குடியேற அழைக்கப்பட்ட கால்வினியப் பிரிவுக் கிறித்தவ அகதிகளோடு பொற்கொல்லர்களும் வந்ததையும், 1772-இல் அந்தத் தொழிலுக்காகவே ஓவியப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டதையும் அவர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்தக் கழகம் இன்றும் நடக்கிறது. அவர் படித்ததும் அங்கேதான்.

நான் கேட்க வந்த செய்தி அதற்குப் பிறகு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா முழுவதும் செல்வர்கள் பழங்காலப் பாணி வெள்ளியை விரும்பி வாங்கினார்கள். ஷ்லைஸ்னர், 1890-இல் தொடங்கிய நெரெஸ்ஹைமர், ஸ்டோர்க் அண்டு சின்ஸ்ஹைமர், கேயார்க் ரோட் போன்ற ஹானாவ் நிறுவனங்கள் மறுமலர்ச்சிக் காலத்தையும், வளைவுகளும் சுருள்களும் நிறைந்த ரோகோகோ பாணியையும் பின்பற்றிக் குவளைகளும் பேழைகளும் செய்தன. வடிவத்தைப் பின்பற்றியதோடு முத்திரையையும் பழமையாக்கினார்கள். ஆக்ஸ்பர்க் நகரத்தின் பைன் காயை நினைவூட்டும் ஒரு குறி, நூரம்பெர்க்கின் எழுத்தைப்போல ஓர் எழுத்து, பிரெஞ்சுப் பாணியில் கிரீடம் சூடிய ஓர் எழுத்து, அல்லிமலர் என்று கற்பனைக் குறிகளை வரிசையாக அடித்தார்கள். பெரியவர் என் குறிப்பேட்டில் பென்சிலால் இரண்டு பைன் காய்களை வரைந்தார்: ஒன்று வெள்ளியின் மாற்றைச் சோதித்து முத்திரையிட்ட ஆக்ஸ்பர்க் சோதனைக்கூடத்தினுடையது, மற்றொன்று ஹானாவ் கற்பனை. முதலாவதில் செதில்கள் ஒழுங்காக இறங்கின, கீழே ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருந்தது. இரண்டாவது ஏறத்தாழத் திராட்சைக் கொத்துபோல இருந்தது.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். வாங்கியவர்களில் பலர் புதுப்பொருள் என்று தெரிந்தே வாங்கினார்கள் என்றும், அன்றைய சட்டம் இந்தக் கற்பனைக் குறிகளைத் தடுக்கவில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். 1884-இல் இயற்றப்பட்டு 1888 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியப் பேரரசுச் சட்டம், ஆயிரத்தில் 800 பங்குக்குக் குறையாத மாற்றுள்ள வெள்ளிக்கே பிறையும் கிரீடமும் அடிக்கலாம் என்றது; அவற்றோடு மாற்றின் எண்ணும் நிறுவனத்தின் குறியும் இருக்கவேண்டும். ஆகவே பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும் கண்ணில் பட்டால், பக்கத்தில் எத்தனை பழங்காலக் குறிகள் இருந்தாலும் அந்தப் பொருள் 1888-க்கு முன் பிறந்ததாக இருக்க முடியாது. எனக்குத் தெரிந்தவரை முத்திரை வாசிப்பில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய செய்திகள் மிகச் சில.

இரவு உணவுக்கு இந்தப் பகுதியின் பச்சைக் குழம்பு கிடைத்தது. ஏழு வகைத் தழைகளை நறுக்கிப் புளித்த பாலேட்டில் கலந்து, அவித்த உருளைக்கிழங்கின்மேலும் அவித்த முட்டையின்மேலும் ஊற்றித் தருகிறார்கள், சூடாக்குவதில்லை. பரிமாறிய பெண்மணியிடம் தழைகளின் பெயரைக் கேட்டபோது விரல்விட்டு எண்ணிச் சொல்லி, ஏழாவது நினைவுக்கு வராமல் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொன்னார். விலை 13 யூரோ. புளிப்பும் கசப்பும் ஒருசேர நாக்கில் தங்கும் உணவு; குளிரில் நனைந்து வந்தவனுக்கு முதலில் வேண்டாததாகத் தோன்றி, பாதித் தட்டில் பிடித்துப்போனது.

அக்டோபர் 8, புதன் – ஹானாவ்

புதன்கிழமைச் சந்தை கிரிம் சகோதரர்கள் சிலையைச் சுற்றிக் கூடுகிறது. ஆப்பிள், பூசணி, பாலாடைக்கட்டி, தேன் என்று வண்டிகள் நிற்கின்றன. ஆப்பிள் விற்ற முதியவர், நான் எந்த நாட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டு, இன்றே தின்பதற்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் என்று தாமே தேர்ந்து தந்தார். விலை ஒரு யூரோகூட ஆகவில்லை.

பிற்பகலில் ஒரு பழம்பொருள் கடையில் நெடுநேரம் இருந்தேன். கடைக்காரர் முதலில் வெள்ளைப் பருத்திக் கையுறையை நீட்டினார். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு சில வாரங்களில் கறுப்புத் தடமாக மாறிவிடும் என்பது அவருடைய காரணம். அது நியாயமானது, ஆனாலும் கையுறை போட்ட விரலால் முத்திரையின் விளிம்பைத் தடவிப் பார்க்க முடியாதது எனக்குக் குறையாகவே இருந்தது. அங்கே ஒரு தட்டு நிறையத் தேக்கரண்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் பிறை, கிரீடம், 800. சிலவற்றில் ஹைல்பிரோன் நகரத்து புருக்மான் நிறுவனத்தின் கழுகுக் குறி இருந்தது. உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த வெள்ளி இப்படித்தான் பேசும்: மாற்று, அரசு, நிறுவனம் மூன்றும் தெளிவாக.

ஏற்றுமதிக்குச் செய்த வெள்ளியின் பேச்சு வேறு. பிரிட்டனில் அன்று வெள்ளி என்று விற்க வேண்டுமானால் 925 மாற்று வேண்டியிருந்தது, 800 போதவில்லை. ஆகவே ஹானாவ் பட்டறைகள் இங்கிலாந்துக்கு அனுப்பியவற்றை 925 மாற்றிலேயே வார்த்தன. அவற்றில் பிறையும் கிரீடமும் பெரும்பாலும் இருப்பதில்லை. கற்பனைக் குறி ஒன்றிரண்டு இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. தரைவழியும் கடல்வழியும் போய் அங்கே இறங்கிய பிறகுதான் சட்டம் கேட்கும் முத்திரைகள் அடிக்கப்பட்டன. அதாவது, சொந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதே பொருளிலிருந்து ஊரின் பெயர் பாதி போய்விட்டது.

அக்டோபர் 9, வியாழன் – வழியில்

பிராங்க்பர்ட்டிலிருந்து பிரசல்ஸ் வழியாக லண்டன் செல்லத் திட்டம். முதல் ரயில் கொலோனுக்கு முன்பே வயல்வெளியில் நின்று, ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. பிரசல்ஸில் இணைப்பு போய்விட்டது. அடுத்த வண்டிகளில் இடமில்லை. கடைசி வண்டியில்தான் இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெல்ஜியப் பாட்டி தம்முடைய வாஃபிளில் பாதியைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். மறுத்தபோது மீண்டும் நீட்டினார். நிலையத்தில் வாங்கிய காய்ந்த ரொட்டிக்கு 7 யூரோ கொடுத்திருந்த எனக்கு, அந்தப் பாதி வாஃபிள்தான் அன்றைய உணவு. லண்டனில் அறைக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி – பெர்மன்ஸி, சான்சரி லேன்

பெர்மன்ஸி சதுக்கத்தின் பழம்பொருள் சந்தை வெள்ளிக்கிழமைகளில் விடியும்போதே கூடுகிறது. தூக்கம் போதாத கண்களோடு ஆறரை மணிக்கு அங்கே இருந்தேன். நன்றாக இருட்டு, விற்பவர்கள் கைவிளக்கின் வெளிச்சத்தில் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் இந்தத் திறந்த சந்தையில் வாங்கிய பொருள் திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவருக்கே உரிமை என்ற பழைய ஆங்கிலச் சட்டம் இங்கே செல்லுபடியாகிவந்தது. 1995-இல்தான் அது நீக்கப்பட்டது. இன்று அந்தச் சலுகை இல்லை, ஆனால் அதிகாலை வழக்கம் மாறவில்லை.

மழைநீர் தேங்கிய கல்தளத்தில் என் உருப்பெருக்கிக் கண்ணாடி கைநழுவி விழுந்து விரிசல் கண்டது. பக்கத்து மேசைப் பெண்மணி ஒரு சொல்லும் பேசாமல் தம் கழுத்துச் சங்கிலியிலிருந்த பத்து மடங்குக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். ‘முடித்ததும் தாருங்கள், கண்ணே’ என்றார். இங்கே எல்லாரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக்கொண்டு அவருடைய மேசையிலேயே நான் பார்த்த பொருள்தான் இந்தப் பயணத்தின் மையமாக ஆகிவிட்டது.

உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்டப் பேழை. மூடியில் திராட்சைக் கொடியும் சிறகு முளைத்த குழந்தைகளும் புடைப்பு வேலையில் எழும்பியிருந்தன. அடியில் ஐந்து முத்திரைகள். ஒரு செவ்வகத்துள் பி.எம். என்ற இரு எழுத்துகள், 925 மாற்றுக்கு உரிய நடக்கும் சிங்கம், மூன்று கோதுமைக் கட்டுகளோடு வாள் சேர்ந்த செஸ்டர் நகரச் சின்னம், சாய்வெழுத்தில் பி, கடைசியாக, முட்டை வடிவச் சட்டத்துக்குள் எஃப். மூடியின் உட்புறத்தில், தனியாக, தேய்ந்துபோன வேறொரு சிறு குறி: கிரீடம்போல ஏதோ ஒன்றின் கீழே ஓர் எழுத்து.

அந்த எஃப் எழுத்துதான் எல்லாவற்றையும் திறக்கும் சாவி. பிரிட்டனில் சோதிக்கப்பட்ட வெளிநாட்டு வெள்ளிக்கு 1867 முதல் இந்த எழுத்தைத் தனியாக அடித்தார்கள். ஆனால் எஃப் என்பது, சோதித்த ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்தாகவும் வரும்: செஸ்டரில் 1889-க்கும், லண்டனில் சிறிய எழுத்தாக 1901-க்கும், பர்மிங்காமில் சிறிய எழுத்தாக 1905-க்கும் எஃப்தான். எழுத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, சட்டத்தின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். வெளிநாட்டு எஃப் முட்டை வடிவத்துக்குள் இருக்கும், அதோடு வேறோர் ஆண்டெழுத்தும் கூடவே இருக்கும். இந்தப் பேழையில் இரண்டும் இருந்தன.

பி.எம். என்பது பெர்டோல்ட் மியுல்லர். ஹானாவ் பட்டறைகளின், குறிப்பாக நெரெஸ்ஹைமர் நிறுவனத்தின், பொருள்களை இங்கிலாந்துக்கு வரவழைத்த வணிகர். செஸ்டரிலும் லண்டனிலும் தம் எழுத்துகளைப் பதிவுசெய்திருந்தார். சுத்தியலை அவர் பிடித்ததில்லை. சோதனைக்கூடத்துக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்து, இதன் மாற்றுக்கு நான் பொறுப்பு என்று சொல்பவருடைய எழுத்தைத்தான் பிரிட்டிஷ் முறை கேட்டது. உள்நாட்டுப் பொருளில், கொண்டுவந்தவரே செய்தவராகவோ பட்டறை முதலாளியாகவோ இருந்ததால் அதைத் தயாரிப்பாளர் முத்திரை என்று அழைத்துவந்தார்கள். 1973-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்குப் பொறுப்பாளர் முத்திரை என்று பெயரைத் திருத்தியது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகப் பட்டியல்களிலும் ஏலக் குறிப்புகளிலும் இறக்குமதியாளர்கள் கலைஞர்களாகிவிட்டார்கள்.

பெண்மணி 180 பவுண்டு என்றார், 160-க்குத் தந்தார். உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைக்கு மிகவும் மேல்தான், ஆனால் அந்தக் கொடியின் இலை நரம்புகளைப் பார்த்த பிறகு எடையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

பக்கத்துக் கடையில் இறைச்சி இல்லாத ‘பை’ என்னும் மாவுப் பண்டமும் மசித்த உருளைக்கிழங்கும் பார்ஸ்லிக் குழம்பும் 6 பவுண்டுக்குத் தின்றுவிட்டு, சான்சரி லேனில் இருக்கும் வெள்ளிப் பெட்டக அங்காடிக்குப் போனேன். 1880-களில் செல்வர்கள் தங்கள் விலைமதிப்புள்ள பொருள்களைப் பூட்டிவைக்க வாடகைக்கு விட்ட நிலவறைகள், பிறகு வெள்ளி வணிகர்களின் கடைகளாயின. படியிறங்கினால் தடித்த இரும்புக் கதவுகள் வரிசையாகத் திறந்து நிற்கின்றன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு கடை.

ஒரு வணிகர் என் பேழையை வாங்கி, உருப்பெருக்கியை எடுக்கும் முன் அதன்மேல் வாயால் ஊதினார். ஆவி படிந்த கணத்தில் பொடிவைத்துப் பற்றவைத்த இடங்கள் வேறு நிறமாகத் தெரியும். வேறொரு பொருளிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டிப் பற்றவைத்திருந்தால் அதைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு எழும். அப்படிப்பட்ட ஒரு குவளையை அலமாரியிலிருந்து எடுத்து ஊதியும் காட்டினார், அந்தக் கோடு ஒரு நொடி தோன்றி மறைந்தது. பிறகு இன்னொன்றைச் சொன்னார். வார்ப்பில் எடுத்த போலியில் முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். விளிம்புகள் மழுங்கியிருக்கும், ஒரே தொகுதியின் எல்லாக் கரண்டிகளிலும் முத்திரை இம்மி பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருக்கும். கையால் அடித்தவை அப்படி அமையவே முடியாது. என் பேழையில் ஐந்தும் ஒன்றுக்கொன்று சற்றே விலகி, அடித்த இடத்தின் மறுபுறத்தில் உலோகம் மெல்லப் புடைத்திருந்தது. உள்மூடிக் குறியைப் பற்றிக் கேட்டபோது உதட்டைப் பிதுக்கி, ‘ஹானாவ். அதற்குமேல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்’ என்றார். விற்பவர் ஒருவர் இவ்வளவு நிதானமாகப் பேசியதைக் கேட்டு எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

அக்டோபர் 11, சனி – போர்ட்டபெல்லோ சாலை

வெயில் வந்தது; கூட்டமும் வந்தது. பத்து மணிக்கு மேல் நடைபாதையில் நகரவே முடியவில்லை. ஒரு காப்பி 4 பவுண்டு, உட்கார இடமில்லை.

இங்கே ஹாலந்து வெள்ளி நிறையக் கிடைக்கிறது. விரல்நுனி அளவில் நாற்காலி, காற்றாலை, படகு, வண்டியிழுக்கும் குதிரை. அந்த நாட்டில் 1814-க்குப் பிறகு பெரிய பொருளுக்குச் சிங்கத்தோடு மாற்று வரிசையின் எண் வந்தது. முதல் தரத்துக்கு நிமிர்ந்த சிங்கம், 934; இரண்டாம் தரத்துக்கு நடக்கும் சிங்கம், 833. சின்னஞ்சிறு பொருளில் அத்தனை முத்திரைக்கு இடமில்லாததால் ஒரு வாளை மட்டும் அடித்தார்கள். நான் பார்த்த ஒரு குட்டி நாற்காலியில் வாளும் இருந்தது, பிரிட்டிஷ் சிங்கமும் முட்டை வடிவ எஃபும் இருந்தன. நான்கு கால்களிலும் பின்சட்டத்திலும் பிரித்துப் பிரித்து அடித்திருந்தார்கள். ஒரே பொருளில் இரண்டு நாடுகளின் சோதனைக்கூடங்கள் கையெழுத்திட்டிருப்பதைப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பிரெஞ்சுக் கரண்டிகளில் முறை இன்னும் தெளிவானது. தயாரிப்பாளர் முத்திரை சாய்சதுரத்துக்குள்தான் இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னமும் இருக்கும். அரசின் முத்திரை 1838 முதல் மினர்வா தேவியின் தலை, முதல் தரத்துக்கு 950 மாற்று. வெளியிலிருந்து பிரான்சுக்குள் வந்த வெள்ளிக்கு 1893 முதல் ஓர் அன்னம் அடித்தார்கள். அன்னத்தைப் பார்த்துவிட்டு அது பிரெஞ்சுப் பொருளின் அடையாளம் என்று ஒரு விற்பனையாளர் உறுதியாகச் சொன்னபோது மறுத்துச் சொன்னேன். அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்து, தலையசைத்து, நன்றி சொல்லி, எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஒரு மூலையில் ஸ்விஸ் கைக்கடிகாரங்கள். 1907 சூன் 1 முதல் வெளிநாட்டுக் கடிகார உறைகளுக்கும் பிரிட்டிஷ் முத்திரை கட்டாயமானது. அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் ஜி.எஸ். என்ற எழுத்துகள் ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்பவருடையவை. அவர் கடிகாரம் செய்தவரும் இல்லை, கடிகார வணிகரும் இல்லை. சரக்கை ஏற்றி இறக்கி உரியவரிடம் சேர்க்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். சோதனைக்கூடத்தில் கையெழுத்திட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக அவர் நின்றார். பொறுப்பாளர் எழுத்துக்கும் செய்த கைக்கும் உள்ள தூரத்தைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

அதே மேசையில் 1904-க்குப் பிந்தைய முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டில் எஃபும் சிங்கமும் இறக்குமதிப் பொருளிலிருந்து விலக்கப்பட்டு, ஒவ்வொரு கூடத்துக்கும் தனி இறக்குமதிக் குறியும் 925 என்ற எண்ணும் வந்தன. பர்மிங்காமுக்குச் சமபக்க முக்கோணம், செஸ்டருக்கு இரண்டு இலைகளோடு ஓர் ஓக்கு விதை. லண்டனுக்கு முதலில் கதிரவன் முகம், 1906 முதல் சிம்ம ராசியின் குறி. தேய்ந்த உறைகளில் இந்தச் சிம்மக் குறி குதிரை லாடம்போலத் தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு – தெற்குக் கென்சிங்டன்

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. கால்வலியோடு மெதுவாக நடந்தேன். உண்மையான ஆக்ஸ்பர்க் வேலையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது, ஹானாவ் பட்டறைகள் எதைப் பின்பற்றின, எதைத் தங்கள் விருப்பப்படி மிகையாக்கின என்பது எளிதில் விளங்கியது. பழைய கைகள் வெற்றிடம் விட்டன. புதியவை விளிம்புவரை நிரப்பின.

நெடுநேரம் நின்றது ஜெர்னிங்ஹாம் மதுக் குளிர்த்தொட்டியின் முன்னால். ஒரு குழந்தை படுத்துக் குளிக்கும் அளவுக்குப் பெரியது. மூலத்தை 1734-இல் லண்டனில் வடித்தவர் சார்லஸ் கேண்ட்லர். அது இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே நிற்பது 1884-இல் எல்கிங்டன் நிறுவனம் மின்சாரத்தால் உலோகத்தைப் படியவைக்கும் மின்படிவு முறையில் எடுத்த நகல். ஹென்றி ஜெர்னிங்ஹாம் அதைச் செய்யச்சொல்லிப் பணம் போட்டவர். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்காக நடந்த பரிசுச்சீட்டில் அதைப் பரிசாக வைத்தவர். பணம் போட்டவருடைய பெயராலேயே உலகம் அதை அழைக்கிறது. ஆனாலும் கேண்ட்லருக்கு ஒரு நீதி கிடைத்தது: மூலத்தில் இருப்பது அவருடைய முத்திரை, ஆகவே அவர் பெயர் காணாமல் போகவில்லை. என் பையில் இருந்த பேழையைச் செய்தவருக்கு அந்த அளவு நீதிகூடக் கிடைக்கவில்லை என்பது என்னை அன்று முழுவதும் உறுத்தியது.

அக்டோபர் 13, திங்கள் – லண்டன்

வீங்கிய கால்களுக்கு ஓய்வு. மாலையில் மட்டும் ஃபாஸ்டர் லேன் வரை நடந்து, பொற்கொல்லர் மன்றத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். ஹால்மார்க் என்று நாம் தி.நகர் நகைக்கடையில் கேட்டு வாங்கும் முத்திரையின் பெயரில் உள்ள ‘ஹால்’ இந்த மன்றம்தான். மழை மீண்டும் தொடங்கிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய் – செஸ்டர்

க்ரூ வழியாகச் செஸ்டர் வந்தேன். ஊரைச் சுற்றி ஏறத்தாழ முழுமையாக நிற்கும் மதில்மேல் நடக்கலாம். 1899-இல் வைத்த வண்ணக் கடிகாரத்தின் கீழே நின்றால், இரண்டு அடுக்காக அமைந்த இடைக்காலக் கடைவரிசைகள் தெரிகின்றன. மழைக்கு ஒதுங்க இதைவிட நல்ல தெரு அமைப்பு வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. மேலடுக்கில் ஒரு சிறு உணவகத்தில், எளிதில் உதிரும் செஷயர் பாலாடைக்கட்டியை ரொட்டியில் உருக்கித் தந்தார்கள், 8 பவுண்டு. பரிமாறிய இளைஞர் என் ஈரக் கோட்டைத் தாமே வாங்கிச் சூடேற்றியின் அருகே மாட்டினார்.

இந்த ஊர்ச் சோதனைக்கூடம் 1962-இல் மூடப்பட்டது. அதுவரை பர்மிங்காமிலிருந்தும் லிவர்பூலிலிருந்தும் வெள்ளி இங்கே முத்திரைக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே செஸ்டர் முத்திரை என்பது உள்நாட்டுப் பொருளில்கூடச் செஸ்டரில் செய்ததற்குச் சான்று ஆகாது. கிராவனர் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடத்தில், இங்கே முத்திரை பெற்ற பொருள்களைப் பார்த்துக்கொண்டே என் குறிப்பேட்டைச் சரிபார்த்தேன். 1884-இல் ஏ எழுத்தில் தொடங்கிய வரிசை 1900-இல் ஆர் எழுத்தோடு முடிகிறது. 1901-இல் சாய்வெழுத்தில் புதிய ஏ தொடங்குகிறது. ஆகவே என் பேழையின் பி, 1902. எழுத்து ஆண்டின் நடுவில் மாறுவதால் 1903-இன் முற்பகுதியும் அதில் அடங்கும். இறக்குமதிக்குத் தனிக் குறி வருவதற்கு முந்தைய காலம் என்பதோடு சிங்கமும் எஃபும் பொருந்துகின்றன. ஆனால் இந்த ஆண்டு, பொருள் சோதனைக்கூடத்துக்கு வந்த ஆண்டுதான்; ஹானாவில் அது எப்போது முடிக்கப்பட்டது என்பதற்கு முத்திரையில் பதில் இல்லை.

குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: இறக்குமதியாளர் பெர்டோல்ட் மியுல்லர், சோதனை செஸ்டர், 1902, வேலை ஹானாவ், பட்டறை உறுதியாகவில்லை, உள்மூடிக் குறி படத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மியுல்லரோடு சேர்த்து நெரெஸ்ஹைமர் பெயரை எழுதிவிடக் கை துடித்தது. ஏலப் பட்டியல்களில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், பொருளின் விலையும் அதனால் உயர்கிறது. ஆனால் ஓர் இறக்குமதியாளர் ஒரே பட்டறையிடம்தான் வாங்கினார் என்று கொள்ள இடமில்லை. செய்தவருக்கு உரிய பெயரைத் தரவேண்டும் என்று கவலைப்படுகிறவன், ஊகத்தால் வேறொருவர் பெயரை அங்கே எழுதுவது இரண்டாவது அநீதியாகும்.

மாலையில் கடைவரிசையின் கீழடுக்கில் ஒரு சிறு பழம்பொருள் கடையில், பசு வடிவப் பால்குடுவை ஒன்றைப் பார்த்தேன். முதுகில் ஈ உட்கார்ந்த மூடி, வளைந்த வால் கைப்பிடி. ‘செஸ்டர் வெள்ளி, பி.எம். செய்தது’ என்று சீட்டில் இருந்தது. கடைக்காரம்மாவிடம் எஃப் எழுத்தைக் காட்டி, சட்டத்தின் வடிவத்தையும் ஆண்டெழுத்தையும் பிரித்துக் காட்டி, ஹானாவைப் பற்றிச் சொன்னேன். நடுவில் வாடிக்கையாளர் ஒருவர் வந்தபோது அவரைச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்னை முழுவதும் கேட்டார். தம் தந்தையும் இந்தக் கடையில் அந்தக் குறியைச் செஸ்டர் என்றே சொல்லிவந்தார் என்றார். பிறகு புதிய சீட்டு ஒன்றை எடுத்து, ஹானாவ் என்ற பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, ‘ஹானாவில் செய்தது, பி. மியுல்லர் இறக்குமதி; செஸ்டரில் சோதித்தது’ என்று எழுதிப் பசுவின் கழுத்தில் கட்டினார். விலை 420 பவுண்டு, அதை மாற்றவில்லை. ஏழரை மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், அவருடைய மற்ற அலமாரியில் இருந்த ஹாலந்துக் கரண்டிகளை நான் பார்க்கவில்லை.